வெள்ளி மோதிரமும் காளான் குழம்பும்

மூன்று நாள் அடைமழை. வாய்க்கால் வெட்ட வந்தவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்கு அரிசியும் இல்லை என்று காண்டிராக்டர் கையை விரித்துவிட்டார். மழை என்ன அவர்கள் செய்த குற்றமா? கேட்க நாதியில்லை.

நான்காம் நாள் அவர்கள் தங்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று காளான் பூத்திருந்தது. அவர்களில் ஒருத்தியான வெள்ளத்தாய் மடி நிறையப் பறித்துக் குழம்பு வைத்தாள். பக்கத்து மடத்துச் சீடர் தேசிகாமணி அவ்வழியே வந்தார். முப்பது வருடம் ஆபீசில் கோப்பு பார்த்து ஓய்ந்தவர்.

"சாமி, இது நல்ல காளானா?"

அவர் தம் வெள்ளி மோதிரத்தைக் கழற்றிக் கொதிக்கும் குழம்பில் முக்கி எடுத்தார். பளபளவென்று இருந்தது.

"வெள்ளி கறுக்கவில்லை. விஷமில்லை. ஆறியதும் தாராளமாகச் சாப்பிடுங்கள்."

மடத்துக்கு வந்து குரு அங்கம்மாளிடம் பெருமையாகச் சொன்னார். அவரைவிட இருபது வயது இளையவள் அவள். செருப்பைக்கூடத் தேடாமல் கொட்டகைக்கு ஓடினாள். அவரும் பின்னால் ஓடினார்.

பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கம்மாள் பானையை மூடினாள்.

"ஏன் ஆத்தா, ஏழை வயிறு நிறையக் கூடாதா?" என்று சீறினாள் வெள்ளத்தாய்.

அங்கம்மாள் சீடரைப் பார்த்தாள். "எங்கே முளைத்தது?"

"கேட்கவில்லை, தாயே."

"கொட்டகைக்குப் பின்னால, சாணி கொட்டுற மேட்டுல" என்றாள் வெள்ளத்தாய்.

மிஞ்சிய காளான் ஒன்றை அங்கம்மாள் புரட்டினாள். குடைக்கு அடியில் பச்சை ஓடியிருந்தது.

"நாம் தின்னும் புற்றுக்காளானுக்குத் தண்டு புற்றுக்குள் முழநீளம் இறங்கும். அடியில் பச்சை பிடிக்காது. இது குடலைப் பிடுங்கும். சின்னப் பிள்ளை தாங்காது."

"ஆனால் வெள்ளி..."

"வெள்ளிக்கு வயிறு இருக்கிறதா?"

ஒரு கரண்டி குழம்பைத் தட்டில் ஊற்றி அவரிடம் நீட்டினாள். "தீர்ப்பு உம்முடையது. முதல் வாயும் உமக்கே."

தேசிகாமணியின் கை எழவில்லை. "நான்... மடத்தில் சாப்பிட்டுவிட்டேன், தாயே."

"ஏப்பம் விட்டுக்கிட்டுத்தான் நமக்குத் தீர்ப்பு சொல்லியிருக்காரு!" என்றான் வேலையாட்களில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை பசியில் அழத் தொடங்கியது.

"மடத்து அரிசி மூட்டையைக் கொண்டு வாரும்" என்றாள் அங்கம்மாள்.

"அது நாளைக் குருபூசைக்கு! காண்டிராக்டர் வருகிறார், பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன போடுவது?"

அங்கம்மாள் குழம்புப் பானையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"விஷமில்லை என்றீரே. இதைப் போடும்."