கிளை எட்டாத மயில்

ஒரு காட்டில், ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ஒரு மயில் இருந்தது. நடந்துகொண்டே இருக்கும். நடக்காத நேரத்தில் கழுத்தையாவது ஆட்டிக்கொண்டிருக்கும். அதனால் மற்ற மயில்கள் அதற்குத் துறுதுறு என்று பெயர் வைத்திருந்தன.

காட்டின் ஓரத்தில் கம்பு அடிக்கும் களம் ஒன்று இருந்தது. அறுவடை நேரம். இரண்டு மாதமாகக் களத்தில் தானியம் சிதறிக் கிடந்தது. துறுதுறுவுக்குக் கேட்கவா வேண்டும்? காலையில் போய் நான்கு மூலையையும் கொத்தித் தீர்க்கும். மத்தியானம் மறுபடி போகும். உடம்பு பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. மயிலிடம் கண்ணாடியா இருக்கிறது, பார்த்துத் தெரிந்துகொள்ள?

பொழுது சாய்ந்ததும் மயில்கள் எல்லாம் ஓடையோரத்து மருதமரத்தில் பறந்து ஏறிவிடும். தரையில் நரி உண்டே, அதனால்தான். நரியில்லாத கதை வேண்டுமென்றால் நீங்கள் வேறு காட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் மாலை துறுதுறு எம்பியது. கீழ்க்கிளைகூட எட்டவில்லை. தொப்பென்று விழுந்தது. மறுபடி எம்பியது, மறுபடி விழுந்தது. நரி எட்டிப் பார்த்தது. துறுதுறு பதறிப்போய் பக்கத்திலிருந்த இலந்தை முட்புதருக்குள் புகுந்துகொண்டது. உயிர் தப்பியது. ஆனால் முள் குத்திய குத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை.

விடிந்ததும் ஒரு சபதம் போட்டது. இனி ஒரு கம்பு மணியைக்கூடத் தொடுவதில்லை. துறுதுறுவுக்கு எதுவும் உடனே நடந்தாக வேண்டும், இளைப்பதும் சேர்த்துத்தான்.

முதல் நாள் வீறாப்பாகப் போனது. இரண்டாம் நாள் கால் பின்னியது. மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், களத்துக்கு ஓடி மூன்று நாள் தீனியையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளியது. அன்று மாலை அதனால் எம்பவே முடியவில்லை. ஆடி ஆடி நடந்து முட்புதருக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் நரி வந்து, புதருக்கு வெளியே மரியாதையாக உட்கார்ந்துகொண்டது. இப்படி ஒரு விரதத்தை இந்தக் காட்டில் யாருமே இருந்ததில்லை என்று மெச்சியது. மூன்று நாளெல்லாம் போதாது, ஐந்து நாள் இருந்து பார்த்தால் உடம்பு இறகாகிவிடும் என்றது.

யாராவது புகழ்ந்தால் துறுதுறுவுக்குத் தலைகால் புரியாது. ஐந்து நாள் சபதம் போட்டது. நான்காம் நாளே விழுந்தடித்துக்கொண்டு களத்துக்கு ஓடியது. இந்த முறை முன்பைவிடக் கனத்துப்போனது.

அதன் தங்கை மயிலுக்கு இதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"அண்ணா, நீ பட்டினி கிடந்தால் நரிக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம்? அதை யோசித்தாயா?"

துறுதுறு நடையை நிறுத்தித் தங்கை பக்கம் திரும்பியது.

"கண் இருட்டி நீ எங்கேயாவது விழ வேண்டும், அதற்குத்தான் அது காத்திருக்கிறது. இரண்டு மாதம் தின்று ஏற்றியதை இரண்டு நாளில் இறக்க முடியுமா? நாளையிலிருந்து களத்தில் ஒரு மூலையை மட்டும் விட்டுவிடு. மற்ற மூன்றையும் தின்னு. அது பழகியதும் இன்னொரு மூலையில் பாதியை விடு."

"அதற்குள் நரி என்னைத் தின்றுவிடும்."

"முட்புதர் இருக்கிறதே. குத்தினால் குத்தட்டும்."

துறுதுறு ஒரு மூலையை விட்டது. சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாடு பட்டது. தின்று முடித்த பிறகும் அந்த மூலையையே சுற்றிச் சுற்றி வரும். தினமும் மாலையில் எம்பிப் பார்க்கும். எட்டு நாள் ஆகியும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இது வேலைக்கு ஆகாது என்று முணுமுணுத்தது. பத்தாம் நாள் மூச்சு வாங்குவது குறைந்திருந்தது. இன்னும் பாதி மூலையை விட்டது. இருபதாம் நாள் நகம் கீழ்க்கிளையின் பட்டையை உரசியது.

நரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொழுத்த மயில் கண்ணெதிரே இருக்கும்போது ஓடை நண்டும் வயல் எலியும் யாருக்கு வேண்டும் என்று, அது வேட்டைக்குப் போவதையே விட்டிருந்தது. நாள் தவறாமல் வந்து துறுதுறுவைக் கடிந்துகொண்டது. அவ்வளவு பெரிய விரதக்காரர் இப்படித் தினமும் தின்னலாமா என்று கேட்டது.

இப்படி இருக்கையில், ஒரு நாள் காலை குடியானவர்கள் வந்து, வேலி போடுவதற்காக இலந்தைப் புதரை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒளிய இடமில்லை. அன்று மாலை கிளைக்கு ஏறினால் உயிர், இல்லாவிட்டால் நரியின் வயிறு.

துறுதுறு களத்துக்கும் மரத்துக்கும் நடையாய் நடந்தது. பழைய எண்ணம் மறுபடி தலைதூக்கியது. இன்று ஒன்றும் தின்னாமல் இருந்துவிட்டால்? களத்து ஓரத்தில் நரி காத்திருந்தது.

"இன்று ஒரு மணியும் தொடாதீர்கள், மயிலாரே. வயிறு காலியாக இருந்தால்தான் உடம்பு மேலே போகும்."

துறுதுறு ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. கண் இருட்டிய மத்தியானம் அதற்கு ஞாபகம் வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் குனிந்து தின்ன ஆரம்பித்தது. இரண்டரை மூலை. அதற்குமேல் ஒரு மணி தின்னவில்லை, அதற்குக் கீழே ஒரு மணி குறைக்கவுமில்லை.

பொழுது சாய்ந்தது. துறுதுறு மரத்தடியில் இறக்கையை விரித்து எம்பியது. அதே நொடியில் நரியும் பாய்ந்தது. ஆனால் இத்தனை நாள் காலி வயிற்றோடு கிடந்த கால்கள் அல்லவா? பாதி உயரத்திலேயே தளர்ந்து, நரி மூக்கு மண்ணில் பட விழுந்தது. துறுதுறு கீழ்க்கிளையில் தள்ளாடி, பிடித்துக்கொண்டு, நின்றுவிட்டது.

மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அது கீழே பார்த்தது.

"நரியாரே, எனக்குச் சொன்ன விரதத்தை நீங்களே இருந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே."

நரி, நண்டு ஏதாவது கிடைக்குமா என்று ஓடைப் பக்கம் நொண்டிக்கொண்டு போனது. உச்சிக்கிளையிலிருந்த மயில்கள் மேலே வரச்சொல்லித் துறுதுறுவைக் கூப்பிட்டன.

"அங்கே அடுத்த மாதம் வருகிறேன்" என்றது துறுதுறு.

நீதி: கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், தினம் ஒரு கவளம் குறைப்பவர் இளைப்பார், சோற்றையே ஒதுக்குபவர் சோர்ந்து விழுவார்.