மூன்றாவது வரியிலிருந்து

வெள்ளம் வடிந்து நாற்பது நாள். தணிகாசலத்தின் தம்பி மருதையைப் பற்றி ஒரு போன்கூட வரவில்லை.

காணாமல் போனவர்களுக்கென்று வெப்சைட் போட்டதே தணிகாசலம்தான். பஸ் கண்டக்டர். வயது ஐம்பது. அமலோற்பவம் டீச்சரிடம் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். டீச்சருக்கு முப்பத்தாறு. ஆனால் என்ன, குரு குருதான்.

இணையத்தில் வரிவரியாக நிரப்பும் ஒரு ஷீட். காணாதவர் பேரை அதில் யாரும் ஏற்றலாம். தணிகாசலத்தின் புரோகிராம் அதைப் படித்து, படத்தோடு வெப்சைட்டில் காட்டும். முகாம்களில் பார்க்கிறவர்கள் கூப்பிடுவார்கள். இருபத்தாறு பேர் அப்படி வீடு திரும்பிவிட்டார்கள்.

"ஊரான் பிள்ளையெல்லாம் கிடைக்குது. என் தம்பிக்கு மட்டும் ஏன் டீச்சர் இப்படி?"

டீச்சர் வெப்சைட்டைத் திறந்து போனை நீட்டினாள்.

"தம்பி எங்கே? காட்டுங்க அண்ணே."

தணிகாசலம் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் படமும் வந்துவிட்டது. மருதை இல்லை.

"ஷீட்டுல இருக்கானே! முதல் ஆளா ஏத்தினேன். தினம் பார்க்கிறேன்."

"ஷீட்டைப் பார்த்தீங்க. இதைப் பார்க்கலையா?"

"இதுல படம் வருமே டீச்சர். தெம்பில்லை."

டீச்சர் கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்தாள். "உச்சியில பிள்ளையார் சுழி போட்டிருந்தீங்களே, எங்கே?"

"அழிச்சிட்டேன்."

"எப்போ?"

"ரெண்டாம் நாளே. தம்பியை வாரிக்கிட்டுப் போன சாமிக்குச் சுழி ஒரு கேடான்னு..."

"சுழிக்கு ஒரு வரி, தலைப்புக்கு ஒரு வரி. மூணாவது வரியிலேருந்து படின்னு புரோகிராம்ல எழுதினது யாரு?"

"நான்தான்."

"சுழி போனதும் எல்லாம் ஒரு வரி மேலே ஏறிடுச்சு."

தணிகாசலம் திரையில் விரல் வைத்து எண்ணினார். ஒன்று, தலைப்பு. இரண்டு, மருதை.

விரல் அங்கேயே நின்றது.

"முகாமையெல்லாம் போன வாரம் மூடிட்டாங்க டீச்சர்."

"தெரியும்."

"இப்போ சுழியைத் திரும்பப் போட்டா?"

"படம் வரும்."

"ஆளு?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் பதினோரு பேர் வரணும். நாளைக்கு வேற யாராவது கோபத்துல வேற எதையாவது அழிப்பாங்க. புரோகிராம்ல வரியை எண்ணித் தேடாதீங்க அண்ணே. பேரைச் சொல்லித் தேடுங்க."

தணிகாசலம் கீபோர்டை இழுத்துக்கொண்டார். புரோகிராமில் 'மூன்றாவது வரி' என்றிருந்ததை அழித்துவிட்டு, 'பெயர்' என்று அடித்தார்.