பொடிச்சி பெறாத பிள்ளைகள்

ஒரு காலத்தில் சிலந்திகளுக்கு உறவு என்ற ஒன்றே கிடையாது. தன் வலையில் வேறு யார் கால் வைத்தாலும் அது சாப்பாடு. தம்பியா, அத்தை மகனா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தாய் ஒருத்தி மட்டும் இதற்கு விலக்கு. குஞ்சுகள் பொரிந்ததும், தான் தின்றதையெல்லாம் கக்கி அவற்றுக்கு ஊட்டுவாள். வயிறு காலியானதும் அசையாமல் நின்று தன்னையே கொடுத்துவிடுவாள். அவளைத் தின்று முடித்தபின், பக்கத்தில் நிற்கும் தங்கையும் இரையாகத் தெரிய ஆரம்பிப்பாள். அதனால் அன்றைக்கே ஆளுக்கொரு நூலை விட்டுக் காற்றில் ஏறிப் போய்விடுவார்கள். ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் வராமல் இருப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாசம்.

கண்மாய்க் கரையில் ஒரு கருவேலம் புதர். அங்கே பிறந்த எல்லாரும் போனபின் இரண்டு பேர் மட்டும் மிச்சம் நின்றார்கள். கால் நீண்ட அக்காளுக்கு நெடுங்காலி என்று பெயர். உருவத்தில் சிறுத்த தங்கைக்குப் பொடிச்சி.

"சீக்கிரம் ஏறுங்க" என்றது காற்று. "ஆளுக்கு ஒரு திசை. ஒண்ணா இருந்தா ஒருத்திய ஒருத்தி தின்னுருவீங்க. எத்தனை பேரப் பாத்திருக்கேன்."

நெடுங்காலி நூலை விட்டாள். அந்த நேரம் பார்த்து, தாய் விட்டுப்போன வலையில் ஒரு வெட்டுக்கிளி வந்து விழுந்தது. அவர்களைவிடப் பல மடங்கு பெரியது. இரண்டு பேரும் பறப்பதை மறந்துவிட்டு ஓடினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

சற்று இழுத்ததும் நெடுங்காலி நின்றாள். இரை எங்கே உதறுகிறது என்று நூலில் கால் வைத்துக் கேட்டாள். சிலந்திக்குக் கண்ணைவிடக் கால்தான் நம்பிக்கை. பொடிச்சிக்கு நிற்க வேண்டும் என்று தெரியவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தாள். நூல் ஆடிய பக்கமாகப் பாய்ந்து நெடுங்காலி கடித்துவிட்டாள்.

"அக்கா, நான்தான்."

"நீயா?"

பொடிச்சியின் முன்னங்கால் ஒன்று அக்காளின் வாயில் இருந்தது.

நெடுங்காலி அந்தக் காலைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "இனிமே இழுக்கிறப்ப சேந்து இழுப்போம். நிறுத்துறப்ப சேந்து நிப்போம். அப்பவும் எது ஆடுதோ அதுதான் இரை."

"சரிக்கா" என்றாள் பொடிச்சி. அவளுக்கு வலி தாங்க முடியவில்லை. இருந்தாலும் அடுத்த முறை அக்காள் நின்றபோது அவளும் நின்றாள். வெட்டுக்கிளி மட்டும் ஆடியது. இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்றார்கள். காத்திருந்து அலுத்துப்போன காற்று, சொல்பேச்சு கேட்காதவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்படித்தான் அந்தப் புதரில் இரண்டு சிலந்திகள் சேர்ந்து குடியிருந்தன. ஒருத்தியால் பிடிக்க முடியாததை இருவரும் பிடித்தார்கள். ஆனால் சேர்ந்து பிடிப்பது வேறு, சமமாகத் தின்பது வேறு. கால் குறைந்த பொடிச்சி இரைக்குப் பக்கத்தில் எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேருவாள். நெடுங்காலி பெருத்தாள். பொடிச்சி பொடிச்சியாகவே இருந்தாள்.

துணை தேடி வந்த ஓர் ஆண் சிலந்தி நெடுங்காலியைப் பார்த்தான். பொடிச்சியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் நெடுங்காலி முட்டையிட்டு, வெள்ளைப் பட்டில் பைகட்டித் தொங்கவிட்டாள்.

"எனக்கும் ஒரு பை வேணும்க்கா" என்றாள் பொடிச்சி.

"அடுத்த மழைக்கு நீதான். நான் பிடிச்சுப் போடுறேன், நீ உக்காந்து தின்னு."

அன்றிலிருந்து பொடிச்சி முதலாவதாகத் தின்றாள். உடம்பு தேறியது. தன் பையை எந்தக் கிளையில் கட்டலாம் என்று சும்மா இருக்கும்போதெல்லாம் பார்த்து வைத்தாள். வெயில் படாத ஒரு கவட்டை அவளுக்குப் பிடித்திருந்தது.

மழைக்கு முன்னால் குளவி வந்தது. பைக்கு முன்னால் நின்ற நெடுங்காலியைத் தூக்கிக்கொண்டு போனது. குளவிக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது. அதற்கும் பிள்ளைகள் இருந்தன.

பொடிச்சி தனியாகப் பையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வலையில் ஏதாவது ஆடினால் பழக்கத்தில் நின்று, அக்காளும் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்ததில் இரை தப்பியது.

மழை வந்தது. கூடவே இன்னோர் ஆண் சிலந்தி வந்தான். இந்த முறை அவன் பொடிச்சியைத்தான் பார்த்தான்.

"இந்தப் பை யாரோடது?"

"அக்காவோடது."

"அக்கா எங்க?"

"செத்துப்போச்சு."

"அப்ப அவுத்துக் கீழ போடு. பையக் காவல் காக்கிறவ வயித்துல முட்ட கட்டாது. உனக்குன்னு நாலு பிள்ள வேண்டாமா?"

அவளுக்கு வேண்டும். அவ்வளவு ஆசையாக எதையும் அவள் விரும்பியதில்லை. பையில் கால் வைத்தாள். உள்ளே மெல்லிசாக ஏதோ அசைந்தது.

"குஞ்சு வெளிய வரட்டும். அதுவரைக்கும் இருக்கீங்களா?"

"அதுவரைக்கும் எனக்கு ஆயுசு இல்ல" என்றான் அவன். நல்லவன்தான், பொய் சொல்லவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த புதருக்குப் போனான். பொடிச்சி கவட்டைப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

பையைக் கிழித்துக் குஞ்சுகளை வெளியே விட்டாள். தேறிய உடம்பையெல்லாம் கக்கி ஊட்டினாள். ஒரு நாள் கக்குவதற்கு ஒன்றும் வரவில்லை. குஞ்சுகள் அவள் கால்களில் ஏறின, வயிற்றைத் தடவின. தாயின் கடைசி நாள் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அன்று ஏறியவர்களில் அவளும் ஒருத்தி.

பொடிச்சிக்குப் பயம் வந்தது. உதறிவிட்டு ஓடி, புதரின் மறுகோடிக்குப் போய் ஒளிந்துகொண்டாள்.

அங்கே பசி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. "ஓடுனது சரிதான்" என்றது. "நீ பெத்தவ இல்லையே. பெத்தவளுக்குத்தான் அந்தத் தலையெழுத்து. ஒரு பூச்சியப் பிடிச்சுத் தின்னு. இன்னொரு மழ வரும்."

"பிள்ளைங்க என்ன செய்யும்?"

"அதுக்கென்ன, நான் அங்கேயும் இருக்கேன்."

நூல் ஆடியது. பொடிச்சி கால் வைத்துக் கேட்டாள். இரை ஆடுகிற ஆட்டம் அல்ல. இருப்பதிலேயே சின்னதான குஞ்சு ஒன்றை மற்றவை சுற்றி வளைத்திருந்தன. அதன் கால் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது.

பொடிச்சி பசியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள். வந்த வழியே விந்தி விந்தி நடந்தாள். குஞ்சுகளுக்கு நடுவில் புகுந்து, வளைக்கப்பட்டதைத் தன் அடியில் இழுத்துக்கொண்டாள். ஒரு பையாவது கட்டியிருக்கலாம் என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்க அவகாசம் இருக்கவில்லை. கால்களைப் பரப்பி, அசையாமல் நின்றாள்.

வயிறு நிறைந்தபின் குஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்தன. எதுவும் எதையும் கடிக்கவில்லை.

"இவங்கதான் நம்ம அம்மாவா?" என்று கேட்டது ஒன்று.

"தெரியல" என்றது கால் போன குஞ்சு. "தப்பிச்சுப் போயிட்டாங்க. அப்புறம் திரும்பி வந்தாங்க."