ஆச்சரியப்படும் மாதம்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்க மேடம்" என்றார் சவரிநாதன்.

"எத்தனாவது தடவை?" என்று கேட்டார் நிலோபர்.

"மூணாவது."

சவரிநாதனுக்கு வயது ஐம்பத்தாறு. தூத்துக்குடிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். நிலோபருக்கு முப்பத்தெட்டு. அவரிடம்தான் சவரிநாதன் பிஎச்டி முடித்தார். எந்த விண்ணப்பம் போட்டாலும் இணை ஆய்வாளர் என்ற இடத்தில் இன்றைக்கும் நிலோபரின் கையெழுத்துதான்.

குரு இளையவர், சீடர் முதியவர் என்றால் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ஆலமரத்தடியில் கிழ முனிவர்களுக்குப் பாடம் சொன்ன குருவே இளைஞர்தான்.

சவரிநாதனின் பையில் எப்போதும் ஓர் இரும்புத் துண்டு இருக்கும். ஒரு பழைய படகுத்துறையைப் பிரித்தபோது காயலான் கடைக்கு வந்தது. பாதி துரு, பாதி சுத்தம். ஒரே இரும்பு, ஒரே கடல்காற்று. துரு நடுவில் ஒரு கோட்டுக்கு வந்து நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க அரசாங்கத்திடம் மூன்று வருடத்துக்கு நிதி கேட்டார்.

விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் முடிவு' என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று முறையும் அதில் 'தெரியவில்லை' என்று எழுதினார். மூன்று முறையும் 'முடிவு தெளிவாக இல்லை' என்று பதில் வந்தது. யாரைக் குறை சொல்ல? இரண்டு தரப்பும் ஒன்றையேதான் சொல்லியிருக்கின்றன.

விண்ணப்பிக்க மூன்று வருட சர்வீஸ் பாக்கி இருக்க வேண்டும். இந்த வருடம் இருக்கிறது. அடுத்த வருடம் இருக்காது.

"இந்தத் தடவை வேற மாதிரி எழுதியிருக்கேன்" என்று கோப்பை நீட்டினார்.

நிலோபர் படித்தார். அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துருவைத் தடுக்கும் பெயின்ட் பற்றி இருந்தது. முப்பத்தாறு மாதத்துக்கும் அட்டவணை. ஆறாம் மாதம் கலவை தயாராகும். பதினெட்டாம் மாதம் சோதனை. முப்பதாம் மாதம், பெயின்ட் தொண்ணூற்றிரண்டு சதவீதம் துருவைத் தடுக்கும்.

"தொண்ணூத்திரெண்டா?"

"ஆமா மேடம்."

"தொண்ணூறு இல்ல?"

"இல்ல மேடம்."

"எப்படித் தெரியும்?"

சவரிநாதன் தரையைப் பார்த்தார். "போன வருஷமே செஞ்சு முடிச்சிட்டேன்."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு பாக்கப் போறீங்க."

"எல்லாரும் அப்படித்தான் செய்யிறாங்க மேடம். முடிஞ்ச வேலைய எழுதி நிதி வாங்குவாங்க. அந்த நிதியில தெரியாத வேலையச் செய்வாங்க. அது முடிஞ்சதும் அதை எழுதி அடுத்த நிதி. ஊரோட ஒத்துப் போகாம நான்தான் மூணு வருஷத்தக் கெடுத்துக்கிட்டேன்."

"நல்ல வழிதான். இந்த இரும்பப் பத்தி எழுத உங்களுக்கு அடுத்த நிதின்னு ஒண்ணு இருக்கா சார்?"

சவரிநாதனுக்கு வலித்தது.

நிலோபர் அட்டவணையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல எந்த மாசம் ஆச்சரியப்படுவீங்க?"

சவரிநாதன் விளையாட்டு என்று நினைத்தார். நிலோபர் காத்திருந்தார். அதனால் ஒன்று முதல் முப்பத்தாறு வரை விரலை வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

"அப்படி ஒரு மாசம் இல்ல மேடம்."

நிலோபர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பிறகு சவரிநாதனின் பையிலிருந்து இரும்புத் துண்டை எடுத்துக் கோப்பின் மேல் வைத்தார்.

"கூப்பிடுவாங்க. நிதி குடுக்கிற குழு முன்னாடி உக்காந்ததும் இதை மேஜையில வைங்க."

"வெச்சிட்டு?"

"பெயின்ட்டைப் பத்திப் பேசுங்க."

"இரும்பைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

இரண்டு மாதம் கழித்து சென்னைக்குக் கூப்பிட்டார்கள்.

வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்தார். "என்ன சார் இது?"

"ஆராய்ச்சி."

அவர் இரும்பை மேலும் கீழும் திருப்பினார். "பாதி சுத்தமா இருக்கு? ஏன் சார்?"

"தம்பி, எனக்கு நேரமாச்சு" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார் சவரிநாதன்.

மாலை நாலரைக்கு நிலோபருக்குப் போன் வந்தது.

"கெடுத்துட்டேன் மேடம்."

"என்னாச்சு?"

"பத்து நிமிஷம் குடுத்தாங்க. நாலாவது நிமிஷம் தலைவர் இரும்பைக் கையில எடுத்திட்டார். அதுக்கப்புறம் திரையப் பாக்கவே இல்ல. இது ஏன் இந்த இடத்தில நின்னுச்சுன்னு கேட்டார்."

"நீங்க?"

"தெரியலன்னு சொல்லிட்டேன். அதோட விட்டேனா? பெயின்ட் வேலை போன வருஷமே முடிஞ்சு போச்சு சார், கேக்க வந்தது இதைத்தான்னு அதையும் சொல்லிட்டேன். இருந்தது ஒரே வாய்ப்பு. அதையும் நானே என் வாயால கெடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒருத்தர் உப்புதான் காரணம்னார். பக்கத்துல இருந்தவங்க உப்பே இல்ல, உருக்கும்போது வந்த வித்தியாசம்னு அடிச்சுச் சொன்னாங்க. அப்படின்னா கோடு இவ்வளவு நேரா இருக்காதுன்னு நான் சொன்னேன். தலைவர் லென்ஸ் கொண்டு வரச் சொன்னார். எல்லாரும் எந்திரிச்சு மேஜையச் சுத்தி நின்னுட்டோம். வெளிய அடுத்த ஆளு ஒரு மணி நேரம் காத்துக் கிடந்திருக்கார், பாவம்."

"இரும்பு எங்க?"

சவரிநாதன் பையைத் துழாவும் சத்தம் கேட்டது.

"அங்கயே இருக்கு மேடம். நான் கேக்க மறந்துட்டேன். அவங்களும் குடுக்கல."

நிலோபர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"மேடம், சாங்ஷன் ஆகுமா?"

"தெரியல சார்."

எழும்பூர் ஸ்டேஷன் வாசலில், போனைக் காதில் வைத்தபடி, சவரிநாதன் சிரிக்க ஆரம்பித்தார்.