ராணி எறும்புக்குச் சிறகு போன கதை

அந்தக் காலத்தில் எறும்பும் பூரானும் மட்டுமல்ல, உடம்புக்குள் இருக்கும் வயிறும் தோளும்கூட வாய்விட்டுப் பேசும். அப்போதெல்லாம் ராணி எறும்புகளுக்குச் சாகும்வரை சிறகு உண்டு.

காத்தாயி என்றொரு ராணி எறும்பு இருந்தாள். பறப்பதென்றால் அவளுக்கு அத்தனை ஆசை. முதல் மழை விட்டதும் கம்பங்கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வரப்போரக் கல்லுக்கு அடியில் வளை தோண்டி முட்டையிட்டாள். வேலை செய்ய இன்னும் ஒரு மகள்கூடப் பிறக்கவில்லை. இரை தேட அவளேதான் போகவேண்டும். அப்படிப் போய்த் திரும்பியபோது வளைக்குள் பூரான் சுருண்டு கிடந்தது. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"வாசல் திறந்து கிடந்துச்சு, வந்தேன்," என்றது பூரான், வாயைத் துடைத்துக்கொண்டே.

காத்தாயி அழுது தீர்த்தாள். பிறகு வேறொரு வளை தோண்டினாள். இந்த முறை உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துவிட்டாள். "பிள்ளைங்க வளர்ந்து திறக்கிற வரைக்கும் இது திறக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உள்ளே மறுபடி இட்ட முட்டைகள் பொரிந்தன. வெள்ளை வெளேரென்று புழுக்குஞ்சுகள். பிறந்ததும் பிறக்காததுமாக, "அம்மா, பசிக்குது!" என்று கத்தின. ஊட்டுவதற்குக் காத்தாயியிடம் ஒன்றுமில்லை.

"நான் காலி," என்றது வயிறு. "சேர்த்து வச்ச கொழுப்பும் தீர்ந்துபோச்சு."

"எங்களுக்கு நிக்கவே தெம்பில்ல," என்றன கால்கள்.

அப்போது சிறகை அசைக்கும் தோள்சதை பேசியது. அவள் உடம்பிலேயே கொழுத்துத் திரண்டிருந்தது அதுதான்.

"இந்த அடைச்ச வளைக்குள்ள எனக்கு ஒரு வேலையும் இல்ல, தாயி. என்னைக் கரைச்சுப் பிள்ளைங்களுக்குக் கொடு. ஆனா நான் கரைஞ்சுட்டா நீ மறுபடி பறக்க முடியாது."

காத்தாயி தன் சிறகுகளைத் திரும்பிப் பார்த்தாள். மழைக்குப் பிந்திய வெயிலும் கீழே பச்சையாய் ஓடிய கொல்லையும் கண்ணுக்குள் வந்தன. ஒரு குஞ்சு அவள் காலை முட்டி வாயைத் திறந்தது.

"சரி, கரைஞ்சுக்கோ," என்றாள். காலால் அழுத்திச் சிறகுகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டாள்.

தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இனிப்பான சாறாகி வாய்க்கு வந்தது. அதைக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள். தானும் ஒரு சொட்டு விழுங்கினாள். கால்களுக்குத் தெம்பு வந்தது. தோள் மெலிய மெலியக் குஞ்சுகள் கொழுத்தன.

ஒருவழியாக மகள்கள் எழுந்து நின்றார்கள். ஆள் பொடிசுதான். ஆனாலும் வாசல் மண்ணைக் கடித்துத் தள்ளிவிட்டார்கள். மூத்தவள் வெளியே ஓடிப் போய் ஒரு கம்பு நொய்யை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிடும்மா. பறக்க முடியலையேன்னு வருத்தமா?"

"அதான் ஒரு தடவை ஆசை தீரப் பறந்தாச்சே," என்றாள் காத்தாயி, நொய்யை மென்றபடி. "நீயும் ஒரு வாய் தின்னுடி. என்ன ருசி பாரு!"

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான் இது. ராணி எறும்பு ஒரே ஒரு முறை வானத்தில் பறக்கிறாள். தரைக்கு வந்ததும் சிறகை ஒடித்துப் போட்டுவிட்டு, பறந்த தோளையே முதல் பிள்ளைகளுக்குச் சோறாக்குகிறாள்.