எதோடயும் ஒட்டாத வாயு, ஒழுகாத கேன்

ஒரு ஊர்ல ஒரு வெல்டிங் பட்டறை. ம் கொட்டணும் பாப்பா, இல்லேன்னா அத்தை நிறுத்திடுவேன். அங்க செவ்வந்தின்னு ஒருத்தி. ஐ.டி.ஐ.யில வெல்டிங் படிச்சவ. ஆனா முதலாளி ரங்கசாமி ரெண்டு வருஷமா அவளுக்குக் குடுத்த வேலை கிரைண்டிங் மெஷின்ல இரும்பைத் தேய்க்கறது. கர்ர்ர், கர்ர்ர். பொண்ணுன்னா அதுக்குத்தான் லாயக்காம். இது என்ன நியாயம், நீயே சொல்லு.

"ம்."

அப்போ, இரும்பு கேட் மட்டுமே ஒட்டிப் பழகின அந்தப் பட்டறைக்கு எவர்சில்வர் பால் கேன் ஆர்டர் வந்துச்சு. கூடவே ஒரு சிலிண்டர் நிறைய ஆர்கான் வாயு. நான் ஒட்டறேன்னு செவ்வந்தி வந்து நின்னா. முதலாளி மூணு கேனைத் தள்ளினார். ஒண்ணாவது ஒழுகாம ஒட்டினா அவ வெல்டர். இல்லேன்னா ஆயுசுக்கும் கிரைண்டிங்தான்.

முதல் கேனை எடுத்தா. முதலாளி சிலிண்டரை மூடிட்டார். நிறமில்ல, மணமில்ல, எரியாது, எதோடயும் சேராது, இந்தச் சோம்பேறி எதுக்குன்னார். சோம்பேறியாம்! அதுக்கு வெளிவட்டத்துல எட்டு எலக்ட்ரானும் நிறைஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குடி யார்கிட்டயும் கை நீட்டணும்? ஆக்சிஜன்தான் அப்படியில்ல. காய்ஞ்சு சிவந்த உலோகத்தைக் கண்டா ஓடிவந்து ஒட்டிக்கும். பட், பட், படபட. அதை மறைக்க ஆர்கான் இல்லாம, ஒட்டின இடமெல்லாம் ஒரே கரி.

அப்புறம் செவ்வந்தி தானே சிலிண்டரைத் திறந்தா. புஸ்ஸ்ஸ். ரெண்டாவது கேன். மறுபடியும் படபட. ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா வந்துச்சு. பட்டறையே சிரிச்சுது. "ஏன் அம்மணி, கிரைண்டிங் மெஷின் உன்னையத் தேடுதாம்"னார் முதலாளி.

அழுகை வந்துடுச்சு அவளுக்கு. முகத்தைத் துடைச்சா. சித்திரை வெயில், தகர ஷெட், பக்கத்துல நெருப்பு. ஆனா முகத்துல ஒரு பொட்டு வேர்வை இல்ல. ஏன்? அண்ணாந்து பாத்தா, பெரிய ஃபேன். அவ வேர்வையைக் காயவச்ச காத்துதான் ஆர்கானையும் தள்ளிட்டுப் போயிருக்கு. அது போன இடத்துல ஆக்சிஜன் புகுந்திருக்கு. முழிச்சிருக்கியா?

"ம்ம்..."

அப்போ அவ போய் ஃபேனை நிறுத்திட்டா. டக். நாங்க வெந்து சாகணுமான்னு அத்தனை பேரும் சண்டைக்கு வந்தாங்க. "கேன் ஒழுகினா நானே போயிடறேனுங்க. அதுவரைக்கும் யாரும் சுவிட்சைத் தொடாதீங்க"ன்னா.

மூணாவது கேன். ஆர்கான் காத்தை விடக் கனம். போர்வை மாதிரி படிஞ்சு நின்னுச்சு, ஆக்சிஜனைக் கிட்டயே விடல. படபட இல்ல. ஸ்ஸ்ஸ்ஸ்... வெள்ளிக் கம்பி வச்சாப்புல ஒரே கோடு.

தண்ணி நிரப்பினாங்க. முதலாளி விரலைத் துடைச்சுட்டு அடியைச் சுத்தித் தடவினார். விரல் காஞ்சிருந்துச்சு. இன்னொரு தரம் தடவினார். அப்பவும் காஞ்சிருந்துச்சு. வேர்வையில தொப்பலா நனைஞ்சு நின்னவரு சொன்னார்.

"மீதி நாப்பது கேனையும் நீயே ஒட்டிரு அம்மணி. தேய்க்கறதுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவ வேலையைப் பாக்கப் போயிட்டா, கதையும் அவ கூடவே போயிடுச்சு. நீ கண்ணை மூடிக்கோடி, தங்கம்.