நடுவில் நின்ற குரல்

ஈரோட்டில் ஒரு மாடி வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் குடியிருந்தன. ஒருவன் இடத்தான், இன்னொருவன் வலத்தான். இடுப்பளவு உயரம், தேக்கு நிறம், தரையிலேயே நிற்கிற ரகம்.

பாட்டு ஓடினால் இடத்தான் பாதி வாத்தியத்தைச் சொல்வான், வலத்தான் மீதியைச் சொல்வான். பாடுகிறவரின் குரல் மட்டும் இரண்டு பேரிடத்திலும் இருக்காது. இருவருக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெறும் இடத்தில் வந்து நிற்கும். இருவரும் சேர்ந்து பாடினால்தான் அது வரும். அந்தக் குரல்மேல் இருவருக்கும் அப்படி ஒரு பிரியம்.

வீட்டுக்காரர் சற்குணம் அச்சாபீஸ் வைத்திருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் புதுப் பெட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து இறக்கினார். கறுப்பு நிறம், மெலிந்த உடம்பு, முகம் பார்க்கலாம்போலப் பளபளப்பு. அடியில் ஏற்றி இறக்கத் திருகு வைத்த கூரான கால்கள் வேறு.

"ஏனுங்க, பழசை என்ன பண்றது?" என்று கேட்டாள் மனைவி வளர்மதி.

"உன் தம்பி கேட்டுட்டே இருந்தானே, சாயங்காலம் ஆட்டோ எடுத்துட்டு வரட்டும். ஆனா ரெண்டு ஜோடியையும் மாத்தி மாத்திக் கேட்டுப் பாப்பேன். பழசுதான் நல்லா இருக்குன்னா, புதுசைக் கடைக்கே திருப்பி அனுப்பிட்டு இதையே வெச்சுக்குவேன்."

தம்பி இளவரசு துணிக்கடைக்காரன். வளர்மதி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் கூடம் முழுக்கக் கேட்டது. "தாராளமா எடுத்துக்கறேங்க மச்சான். ஒண்ணைக் கடையில கீழே வெச்சுக்கறேன், ஒண்ணை மாடிக்கு ஏத்திடறேன்."

இடத்தானுக்குப் பகீரென்றது. கீழே ஒருவன், மாடியில் ஒருவன் என்றால் நடுவு எங்கே இருக்கும்? அந்தக் குரல் எங்கே வந்து நிற்கும்? அவன் வலத்தானைப் பார்த்தான். வலத்தானைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

புதுப்பொருள் வந்தால் பொட்டு வைக்காமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. சற்குணம் ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்த ஒயர்களையெல்லாம் உருவித் தூசி துடைத்தார். ஒயரில் இரண்டு இழையும் ஒரே கறுப்பு. பிளஸ் எது, மைனஸ் எது என்று குழம்பிவிடக் கூடாதே என்று, பூஜைத் தட்டில் இருந்த குங்குமத்தைத் தொட்டு பிளஸ் முனைகளுக்கு மட்டும் பொட்டு வைத்தார். வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வளர்மதி கற்பூரத்தோடு வந்தாள். "இதென்ன கூத்து, ஒண்ணுக்கு வெச்சுட்டு ஒண்ணை மூளியா விட்டிருக்காரு!" என்று அங்கலாய்த்து, மிச்ச முனைகளுக்கும் அழகாக வைத்துவிட்டுப் போனாள். யாரையும் விட்டு வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, ஒயரானாலும் சரி.

சற்குணம் ஈரத் தலையோடு வந்தார். பொட்டைப் பார்த்தார், அந்த முனையை ஆம்ப்ளிஃபயரின் பிளஸில் மாட்டினார். இன்னொரு முனையிலும் பொட்டு இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? இடது பக்க ஒயர் சரியாக அமைந்தது. வலது பக்க ஒயர் தலைகீழாகப் போய் உட்கார்ந்தது. ஓரமாக நகர்த்தி வைத்திருந்த இடத்தான் அதைக் கண்ணால் பார்த்தான்.

பாட்டு தொடங்கியது. அடடா, அந்தக் கண்றாவியை என்ன சொல்ல! ஒரு பெட்டி காற்றை முன்னால் தள்ள, அதே நேரத்தில் இன்னொன்று பின்னால் இழுத்தது. மிருதங்கத்துக்கு அடிவயிறே இல்லை. பாடிய அம்மாவின் குரல் நடுவில் வந்து நிற்க இடமில்லாமல், பாதி ஜன்னலோரமும் பாதி சமையலறைப் பக்கமுமாக அலைந்தது.

சற்குணத்தின் முகம் தொங்கிப்போனது. புதுப் பெட்டிகளுக்கோ கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயம். அவர்களில் ஒருவன் இடத்தானிடம் கெஞ்சினான். "அண்ணே, நீங்க இந்த வீட்டுல எத்தனையோ பாட்டுப் பாடினவங்க. நாங்க என்ன தப்புப் பண்றோம்? சொல்லுங்கண்ணே."

ஒயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது இடத்தானின் தொண்டை வரைக்கும் வந்தது. பிறகு இளவரசு கடையின் மாடிப்படி ஞாபகம் வந்தது.

"தரைதான் காரணம்," என்றான். "கழுவி விட்டா தண்ணி வாசப்பக்கம் ஓடணும்னு கொத்தனார் வாட்டம் விட்டுத்தான் போட்டிருக்கான். நீங்க சாஞ்சு நிக்கறீங்க. நேரா நின்னாத்தான் குரல் நேரா நிக்கும்."

"அட பாவி! இத்தனை வருஷமா நீ நின்னு பாடினது இதே வாட்டத்துலதானே?" என்றது தரை. இடத்தான் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டான்.

புதியவர்கள் அப்பாவிகள். நம்பினார்கள். சற்குணத்தின் கை பட்டதும் வேண்டுமென்றே லேசாக ஆடிக் காட்டினார்கள். "அதானே பாத்தேன், மட்டமே இல்லையே!" என்று அவர் ரசமட்டத்தைத் தேடி ஓடினார்.

அதன் பிறகு அந்தக் கூடத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. சற்குணம் ரசமட்டத்தைப் பெட்டியின் தலையில் வைப்பார், குனிந்து காலைத் திருகுவார், எழுந்து பார்ப்பார், மறுபடியும் குனிவார். இந்தக் காலை ஏற்றினால் அந்தக் கால் தூக்கிக்கொள்ளும். ரசமட்டத்துக்குள் இருந்த குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி இளைத்தது. கடைசியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது.

பாட்டைப் போட்டார். குரல் வரவில்லை. பெட்டிகளை ஒரு முழம் தள்ளினார், மறுபடி மட்டம் பார்த்தார், மறுபடி போட்டார். அப்போதும் வரவில்லை.

"நான் நடுவுக்கு வந்தாச்சு, இன்னும் என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க?" என்று குமிழி அழாத குறையாகக் கேட்டது.

"சோறு ஆறிப்போச்சுங்க," என்றாள் வளர்மதி.

"சோத்துக்கு இப்ப என்ன அவசரம்? போ அங்கிட்டு!" என்று எரிந்து விழுந்தார் சற்குணம். அவர் அப்படிப் பேசுகிறவரே அல்ல.

சுவரைப் பார்த்தபடி நின்ற வலத்தான் மெதுவாகக் கேட்டான். "டேய், என்ன நடக்குது? இது மட்டத்துக் கோளாறு இல்லை. எவனோ ஒருத்தன் பின்னால இழுக்கறான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"சொன்னா அவங்க பாடிருவாங்க. அவங்க பாடினா நம்மளக் கொண்டுபோயிருவாங்க. நீ மாடியில, நான் கீழே. உன்னை விட்டுட்டு என்னால இருக்க முடியாதுடா."

வலத்தானுக்குக் கோபம் வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. "எனக்கு மட்டும் முடியுமா? அதுக்காக அந்தப் பசங்களை இப்படிக் கூத்தாட விடறதா? சொல்லிடு."

சொல்லியிருப்பானோ என்னவோ. அதற்குள் சற்குணம் எழுந்து வந்தார். "சனியன், பழசை மாட்டிக் கேட்டுட்டு ஒரு முடிவுக்கு வந்துருவோம்." புதியவர்களை ஒதுக்கிவிட்டு, பழையவர்கள் இருவரையும் அவரவர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அதே ஒயர்களின் பெட்டிப் பக்கத்து முனைகளை, இருந்த வரிசை மாறாமல் எடுத்து அவர்கள் முதுகில் செருகினார்.

"பாத்தியாடா, நம்ம முறை வந்துருச்சு!" என்று குதித்தான் இடத்தான். "ஒரே பாட்டு. வெளுத்து வாங்கிருவோம்."

பாட்டு தொடங்கியது. இடத்தான் இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டி முன்னால் தள்ளினான். பக்கத்தில் வலத்தான் பின்னால் இழுத்தான்.

"ஏன்டா இழுக்கறே?"

"நானா இழுக்கறேன்? ஒயர் இழுக்குதுடா!"

அப்போதுதான் இடத்தானுக்கு உறைத்தது. பெட்டியை மாற்றினாரே தவிர, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தை அவர் தொடவே இல்லை. ஒயர், ஒயர் என்று சற்குணத்தைப் பார்த்துக் கத்தினான்; பாட்டுச் சத்தத்தில் புதியவர்களுக்குக்கூட அது எட்டவில்லை. ஒயர் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் ஸ்பீக்கரின் வாயிலிருந்து மனிதர் காதுக்கு வருமா?

சற்குணம் அலுத்துப்போய்ப் பாட்டை நிறுத்தினார். "பழசும் இதே லட்சணந்தான். அப்ப புதுசே இருக்கட்டும், பாக்கவாவது நல்லா இருக்கு." புதியவர்களை மறுபடி நிறுத்தி ஒயரை மாட்டி, பாட்டைச் சன்னமாக ஓட விட்டார்.

வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டது. இளவரசு படியேறி வந்துகொண்டிருந்தான்.

புதியவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, இது நீங்க நின்னு பழகின தரை. உங்களுக்கும் குரல் வரலையே. அப்ப, தரை காரணம் இல்லீங்களா?"

அவன் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இடத்தானால் அதைத் தாங்க முடியவில்லை.

"தரை இல்லடா தம்பி. நான் சொன்னது பொய். ஒயரை மாத்தி மாட்டியிருக்கு." பிறகு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து, "வலது பக்க ஒயரைக் கொஞ்சம் நழுவ விட்டுருங்க. அந்தப் பக்கம் பாட்டு நின்னா அவரே வந்து பாப்பாரு," என்றான்.

"எனக்கு முதுகுல கண்ணா இருக்கு? யாராவது சொன்னாத்தானே தெரியும்," என்று முணுமுணுத்தபடி ஆம்ப்ளிஃபயர் பிடியைத் தளர்த்தியது.

இளவரசும் ஆட்டோக்காரரும் பழைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். அதுவரை பக்கத்தில் பக்கத்தில் நின்ற இருவரையும் முதல்முறையாக, ஆட்டோவுக்குள் எதிரும் புதிருமாகச் சாய்த்து வைத்தார்கள்.

மேலே சற்குணத்தின் சத்தம் கேட்டது. "அடியே, எல்லா ஒயருக்குமா பொட்டு வெச்சே?"

"பின்னே? ஒண்ணை மட்டும் விடச் சொல்றீங்களா?"

சற்குணம் ஒயரை உருவி மாற்றி மாட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஜன்னல் வழியாக அந்தக் குரல் வந்தது. சிதறாமல், அலையாமல், கூடத்தின் நட்டநடுவில் ஓர் ஆள் வந்து நின்று பாடுகிற மாதிரி வந்தது. ஆட்டோக்காரர்கூடக் கிளப்பப் போனவர் கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

சற்குணம் பால்கனிக்கு ஓடிவந்தார். கண்ணெல்லாம் தளும்பிக் கிடந்தது. "கேட்டியா மாப்ளே! இப்படிப் பாடறதை விட்டுட்டு யாராவது இருப்பாங்களா!"

ஆட்டோ கிளம்பியது. வலத்தான் இடத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மத்தியானமே சொல்லியிருந்தா," என்றான், "மாத்திக் கேக்கறப்ப நம்மளையும் அவரு இப்படிக் கேட்டிருப்பாருடா."